எழுந்திருக்காத மெய்ப்பெட்டி

பெட்டி என்னவோ புத்தம்புதுசு. திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் யாரும் உரிக்கவில்லை. பட்டனை அமுக்கினால் விசிறி சுற்றுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, உள்ளே போட்ட சிடி கிர்ர் கிர்ர் என்று இரண்டு இழுப்பு இழுக்கிறது. அதோடு சரி. திரையில் அதே வரி வந்து நின்றுவிடுகிறது: ‘நிறுவும் தட்டு கிடைக்கவில்லை. தட்டை இட்டு மீண்டும் முயலவும்.’

“தட்டு உன் வயித்துக்குள்ளதான கெடக்கு? கண்ணு அவிஞ்சா போச்சு?” என்று பெட்டியைப் பார்த்தே கேட்டாள் ஆவுடை.

பாளையங்கோட்டையில் அவர்கள் குடியிருந்த அடுக்கு வீட்டின் கீழ்த்தள ஹாலில் ஒரு கூட்டமே நின்றுகொண்டிருந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆவுடை திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எந்த முகத்தில் நிம்மதி தெரிகிறது என்று பார்த்தாள். பார்த்தால் எல்லா முகத்திலும் தெரிந்தது.

அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குக் கம்பெனிக்காரன் என்ன பெயர் வைத்தானோ, ஊருக்குள் அதற்குப் பெயர் மெய்ப்பெட்டி. அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசினால் போதும். தொண்டையின் நடுக்கத்தையும் கண்ணின் ஓட்டத்தையும் வைத்து, சொன்னது மெய்யா பொய்யா என்று சொல்லிவிடும். முதலில் கோர்ட்டுக்கு வந்தது. அப்புறம் பேங்குக்கு வந்தது. இப்போது கல்யாணத்துக்கும் வந்துவிட்டது. பெண் பார்த்துவிட்டுப் போன மறு வாரம், மாப்பிள்ளை வீட்டில் பெண்ணைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பெட்டி முன்னால் உட்கார வைக்கிறார்கள். “இந்தக் கல்யாணத்தில் உங்களுக்குச் சம்மதமா?” என்பதுதான் முதல் கேள்வியாம்.

ஆவுடையின் மகள் யாழினிக்கும் அப்படி ஒரு நாள் குறித்திருந்தார்கள். கோவில்பட்டிச் சம்பந்தம். பையன் துறைமுகத்தில் வேலை. புருஷன் போன பிறகு பள்ளிக்கூட ஆபீஸில் தட்டச்சு செய்தே பெண்ணை வளர்த்த ஆவுடைக்கு, அந்தச் சம்பந்தம் கைக்கு எட்டினது பெரிய காரியம். யாழினி மட்டும், “நான் அந்தப் பெட்டி முன்னால உக்கார மாட்டேம்மா” என்றாள். “நம்மட்ட மறைக்க என்னட்டி இருக்கு?” என்று ஆவுடை அந்தப் பேச்சை அத்தோடு முடித்துவிட்டாள்.

பெட்டி வரைக்கும் போகவே இல்லை. அதற்குள் கோவில்பட்டிக்கு ஒரு மொட்டை போன் போய்விட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு பேசின மாதிரி ஒரு பெண் குரல். ‘அந்தப் பொண்ணுக்கு இஷ்டமில்ல. கட்டாயப்படுத்தித்தான் கட்டிக்குடுக்காவ.’ அவ்வளவுதான் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன் வந்த நம்பரையும் கூடவே அனுப்பினார்கள். அது அடுக்கு வீட்டு வாசலில், வாட்ச்மேன் அறையில் இருக்கும் போன்.

அப்படியென்றால் பேசினவள் இதே கட்டடத்துக்காரி. ஆவுடை அடுக்கு வீட்டுக்காரர்கள் சங்கத்துக்குப் போய் நின்றாள்.

“என் பொண்ணுக்கு முழுச் சம்மதம். அவ வாழ்க்கைல மண்ணள்ளிப் போட்டவ யாருன்னு எனக்குத் தெரியணும். மெய்ப்பெட்டி வாங்குங்க. ஒவ்வொருத்தரா உக்காந்து, ‘நான் பேசல’ன்னு சொல்லட்டும்.”

வேண்டாம் என்று யாராவது சொல்ல முடியுமா? சொன்னால் சொன்னவள்தான் கள்ளி என்று ஆகிவிடும். எல்லோரும் கை தூக்கினார்கள். சங்கச் செயலாளர் சிவானந்தம் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றுக்கும் ஒரு விதி வைத்திருப்பார். “புகார் குடுத்த வீட்டு ஆளுங்கதான் மொதல்ல உக்காரணும். அப்பதான் மத்தவங்களுக்கு நம்பிக்கை வரும். ஆவுடையம்மா, நீங்களும் யாழினியும்தான் மொதல்ல” என்றார்.

“தாராளமா” என்றாள் ஆவுடை. பக்கத்தில் நின்ற யாழினி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பெட்டி வந்த வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்துப் பூஜை போட்டார்கள். புது வண்டிக்கும் புது மிக்சிக்கும் வைக்கிற மாதிரியே இதற்கும் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டாமா? ஆவுடை சூடம் காட்ட, யாழினி தட்டை ஏந்திக்கொண்டு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். திரைக்கு, கீபோர்டுக்கு, மவுசுக்கு, பிளக்குக்குக்கூட. அவள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவள். அதனால் சிடியைப் பிரித்துப் போடுகிற பொறுப்பும் அவளுக்கே. உறையைக் கிழித்து, சிடிக்கும் பொட்டு வைத்து, தட்டில் படுக்க வைத்துத் தள்ளினாள். பொரிக்காத அப்பளம் மாதிரி வெள்ளை வெளேரென்று அது உள்ளே போனதை எல்லோரும் பார்த்தார்கள். சிவானந்தம் உடனே அந்த வாயின்மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கினார். இனி எல்லோரும் கூடாமல் அதைத் திறக்கக் கூடாது.

அப்படி வைத்த பெட்டிதான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

மேலப்பாளையத்திலிருந்து ரியாஸ் என்கிற மெக்கானிக் வந்தான். வாயில் சூயிங்கம், முதுகில் பை.

“என்னத்துக்குப்பா இந்தக் காலத்துல சிடி? எல்லாந்தான் நெட்டுலயே வருதே?” என்று சிவானந்தம் கேட்டார்.

“நெட்டுல வந்தா நடுவுல யாராவது கைய வச்சிருவான்லா சார். பொய்ய மெய்யின்னு சொல்ல வச்சிட்டா? அதான் மெய்ப்பெட்டிக்கு மட்டும் ஒரே ஒரு சிடி. பெட்டிக்கு ஒண்ணு. தொலைஞ்சா கம்பெனிக்கு எழுதிப் போட்டுக் காத்துக் கெடக்க வேண்டியதுதான்.”

“இது ஏன் ஸ்டார்ட் ஆகல?”

“கம்ப்யூட்டர் எந்திரிச்சதும் மொதல்ல யார்ட்டப் போயி நிக்கணும்னு ஒரு வரிசை இருக்கு சார். இது மொதல்ல தன் வயித்துக்குள்ளயே தேடுது. புதுசுலா, அங்க ஒண்ணும் இல்ல. சிடியக் கடைசில வச்சிருக்கான். வரிசைய மாத்தி விட்டுருதேன்.”

மாற்றிவிட்டான். பெட்டி மறுபடி எழுந்து, இரண்டு இழுப்பு இழுத்து, அதே வரியைக் காட்டியது.

“ஒயர் லூசா இருக்கும்” என்று சொல்லிவிட்டு மறுநாள் வந்தான். முதுகுப் பக்க மூடியைக் கழற்றி, ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினான். வேறு ஒயரும் போட்டுப் பார்த்தான். அதே வரி.

“யாரோ கைய வச்சிருக்காவ” என்றாள் ஆவுடை.

“சீல் அப்படியேதானம்மா இருக்கு?” என்றான் ரியாஸ்.

“கைய வைக்கணும்னு நெனைக்கவளுக்கு சீல் ஒரு கேடா?”

அன்றிலிருந்து ஆவுடைக்குத் தூக்கம் போயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடிப்படியில் கீரையை வைத்து ஆய்ந்துகொண்டே ஹாலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவாள். யார் பெட்டிப் பக்கம் போகிறார்கள்? யார் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறார்கள்? போகிறவள்மேலும் சந்தேகம், போகாதவள்மேலும் சந்தேகம். குழாயடியில் அவள் தலை தெரிந்தால் பேச்சு நின்றது. லிஃப்டில் எல்லோரும் மேலே எரிகிற எண்ணையே பார்த்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பெட்டி எழுந்திருக்கும் முன்பே ஜனங்கள் முந்திக்கொண்டு ஒப்புக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். பெட்டி சொல்லித் தெரிவதைவிட நாமே சொல்லிவிட்டால் மானம் கொஞ்சமாவது மிஞ்சுமே என்கிற பயம். சிவானந்தமே ஒரு நாள் படியில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

“ஆவுடையம்மா, அந்தத் தண்ணி மோட்டார் விஷயம்... ராத்திரில கொஞ்ச நேரம் கூடுதலாப் போட்டு என் காரக் கழுவிக்கிடுதேன். அந்தப் பெட்டி வேற எதையாவது கேட்டு, அது வெளிய வந்து... நானே சொல்லிட்டேன், என்ன?”

“நான் அதக் கேக்கவே இல்லையே சார்.”

“இருந்தாலும் சொல்லிட்டேன்” என்று இறங்கிப் போனார்.

அடுத்தது எதிர் வீட்டுக் கோமதி. யாழினி பிறந்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் கதவு ஒன்றுதான் என்கிற மாதிரிப் பழக்கம். கோமதி அடுக்களை வாசலில் வந்து நின்று, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மதினி, கோவிலுக்குப் போனப்ப அந்த மாப்பிள்ளையோட அத்தையப் பாத்தேன். யாழினி எப்பிடின்னு கேட்டாவ. தங்கமான புள்ள, கோவம் மட்டும் கொஞ்சம் சட்டுனு வரும்னு சொல்லிட்டேன். அம்புட்டுத்தான். போனெல்லாம் நான் பேசல. சாமி சத்தியம்.”

ஆவுடை கரண்டியைக் கீழே வைத்தாள். “ஓகோ. வாய் அங்க வரைக்கும் போயிருக்கு. போன் வரைக்கும் போகலையாக்கும்.”

“மதினி!”

“இனிமே என் வாசப்படி மிதிக்காதிய.”

கோமதி அழுதுகொண்டே போனாள். அவள் எள்ளுருண்டை போட்டுக் கொடுத்திருந்த எவர்சில்வர் டப்பா ஆவுடை வீட்டு மேடையிலேயே கிடந்தது. அடுத்தவர் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஏதாவது போட்டுக் கொடுக்கவும் ஆவுடைக்கு மனசில்லை.

“கோமதி அத்தை அப்பிடிச் செய்ய மாட்டாங்கம்மா” என்றாள் யாழினி.

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

யாழினி டப்பாவின் மூடியைத் திறந்து, மறுபடி மூடிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரியாஸ் மறுபடி வந்தான். “இனி சிடிய எடுத்துப் பாத்தாத்தான் தெரியும் சார்” என்றான். எல்லோரையும் வரச் சொன்னார்கள். குழந்தைகளை வெளியே துரத்தினார்கள். சிவானந்தம் கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்டிக்கரில் இருந்த மூன்று கையெழுத்தையும் சரிபார்த்தார். அப்புறம் நகத்தால் கிள்ளிப் பிரித்தார். தட்டு வெளியே நீண்டது. சிடி வெள்ளையாகப் படுத்திருந்தது. ரியாஸ் விளிம்பைப் பிடித்துத் தூக்கித் திருப்பினான்.

திருப்பினவன் சிரித்துவிட்டான்.

பளபளக்கிற அடிப்பக்கத்தில், நடு ஓட்டையை ஒட்டி, காய்ந்த சந்தனம். அதன்மேல் குங்குமம். சுற்றிச் சுற்றி இழுபட்டு அரைவட்டமாகப் பூசிக் கிடந்தது.

“யாரு இது பொட்டு வச்சது? பளபளன்னு இருக்குததுதான் மூஞ்சின்னு நெனச்சிட்டியளோ? இதான் படிக்கிற பக்கம். அதுலயும் பாருங்க, நடுவ ஒட்டி வச்சிருக்கிய. பாடம் ஆரம்பிக்கதே அங்கனதான். மொதப் பக்கத்துல சேத்த அப்பிட்டு, புஸ்தகத்தப் படின்னா அது எப்பிடிப் படிக்கும்? கொஞ்சம் தள்ளி வச்சிருந்தாக்கூட பாதி வரைக்கும் எந்திரிச்சிருக்கும்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அத்தனை நாள் அடைத்துவைத்திருந்த சிரிப்பு. கோமதிகூடச் சிரித்தாள்.

ஆவுடை சிரிக்கவில்லை. அப்பளம் மாதிரி வெள்ளையாக உள்ளே போனதே, அதைத் தன் கண்ணாலேயே பார்த்தாளே. பொட்டு வைத்த சிடியின் மேல் பக்கத்தில் பொட்டு எங்கே போயிற்று என்று அப்போது ஏன் தோன்றவில்லை? பாலிடெக்னிக்கில் பிள்ளைகளுக்குச் சிடி எந்தப் பக்கம் என்று தினமும் சொல்லிக்கொடுக்கிறவள் யாழினி. அவளுக்கா முகம் எது, முதுகு எது என்று தெரியாது? அதுவும் சரியாகப் பாடம் ஆரம்பிக்கிற இடம் பார்த்து?

அவள் மகளைப் பார்த்தாள். யாழினி சிடியைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம், வாட்ச்மேன் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

ஆவுடைக்கு அந்த மொட்டை போன் ஞாபகம் வந்தது. ‘அந்தப் பொண்ணுக்கு இஷ்டமில்ல.’ மூக்கைப் பொத்திக்கொண்டு பேசின குரல்.

“பொட்டு வச்சது யாழினில்லா?” என்று சிவானந்தம் மெல்ல ஆரம்பித்தார். “கம்ப்யூட்டர் படிச்ச புள்ள...”

“நான்தான் சார் அப்பிடி வைக்கச் சொன்னேன்” என்றாள் ஆவுடை. குரல் அவளுக்கே அன்னியமாகக் கேட்டது. “அவ மேல வைக்கத்தான் போனா. பளபளன்னு இருக்கதுதான் முகம், அதுல வையின்னு அதட்டினேன். என் புத்தி அம்புட்டுத்தான்.”

யாழினி சட்டென்று திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

“போட்டும் மதினி. தெரியாமச் செஞ்சதுதான” என்றாள் யாரோ ஒருத்தி.

ரியாஸ் பையிலிருந்து மெல்லிய துணியை எடுத்து, தண்ணீர் தொட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தான். சிடி கண்ணாடி மாதிரி ஆயிற்று. “இனி ஜம்முனு எந்திரிக்கும். ரெடியானதும் யாரு மொதல்ல?”

“விதிப்படி ஆவுடையம்மாவும் யாழினியும்” என்றார் சிவானந்தம். நாற்காலியைத் துடைத்து, பெட்டிக்கு நேராக இழுத்துப் போட்டார்.

அந்த நாற்காலியைப் பார்த்தாள் ஆவுடை. அதில் தன் பெண் உட்கார்ந்து, ‘நான் பேசல’ என்று சொல்வதை, பெட்டி அதைப் பொய் என்று எல்லோர் காதும் கேட்கச் சொல்வதை, கோமதியின் முகம் போகிற போக்கை, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டாள்.

“இருங்க தம்பி” என்றாள். “பூஜை பண்ணின பொருள். ஈரத்துணியால துடைச்சிட்டிய. மறுபடி பொட்டு வைக்காம உள்ள போடக் கூடாது.”

“அம்மா, மறுபடியுமா?” ரியாஸ் தலையில் கை வைத்தான். “வைக்கணும்னா மேல வையுங்க. வெள்ளைப் பக்கம்.”

“இப்பத் தெரிஞ்சிட்டுல்லா. மேலதான் வைப்பேன்.”

ஹால் மூலையில் பிள்ளையார் படத்தின் முன்னால் சந்தனக் கிண்ணம் இருந்தது. ஆவுடை எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றாள். இடது கை மோதிர விரலில் புருஷன் போட்ட வெள்ளைக்கல் மோதிரம். கட்டை விரலால் அதை உள்பக்கமாகத் திருப்பினாள். உள்ளங்கையில் சிடியைத் தாங்கினாள், வெள்ளைப் பக்கம் மேலே. வலது கையால் அழகாக, நடுவாக, சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தாள். சாமிக்குத் தட்டைச் சுற்றுகிற மாதிரி சிடியை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். நடு ஓட்டையை ஒட்டி. அழுத்தி. கல் உராய்கிற சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்காமல் இருக்க வாய்விட்டு, “பிள்ளையாரப்பா” என்றாள்.

தட்டில் அவளே வைத்தாள். எல்லோரும் பார்த்தார்கள்: பொட்டு மேலே, வெள்ளைப் பக்கத்தில், எந்தக் குறையும் இல்லாமல்.

பெட்டி எழுந்தது. விசிறி சுற்றியது. கிர்ர் கிர்ர். பிறகு: ‘நிறுவும் தட்டு கிடைக்கவில்லை.’

ரியாஸ் சூயிங்கம் மெல்வதை நிறுத்தினான். சிடியை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். வளையம் மாதிரி ஒரு கீறல். அவன் கண் சிடியை விட்டு எழுந்து ஆவுடையின் இடது கைக்குப் போயிற்று. மோதிரத்தின் கல்லை அவள் திருப்பிப் போட மறந்திருந்தாள். அங்கேயிருந்து யாழினியிடம் போயிற்று. யாழினி நாற்காலிக்குப் பக்கத்தில் கழுத்துச் சங்கிலியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

“என்ன தம்பி?” என்றார் சிவானந்தம். “கீறலா? இப்ப விழுந்ததா?”

ரியாஸ் மெய்ப்பெட்டிக்கு நேர் முன்னால் நின்றுகொண்டு, “உள்ள இருக்க லென்ஸ் எறங்கி ஒரசிட்டு சார். புது மிஷின்ல சிலது இப்பிடி வாரதுண்டு. இனி இந்தச் சிடி ஆகாது” என்றான். “கம்பெனிக்கு எழுதிப் போடுங்க. வந்தா வரும்.”

கூட்டம் கலைந்தது. சிவானந்தம் பெட்டியின்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டார். போட்டுவிட்டு, அது கேட்டுவிடுமோ என்கிற மாதிரி குரலைத் தணித்து யாருடனோ பேசினார். படியேறும்போது இரண்டு பெண்கள் ஆவுடையைத் திரும்பிப் பார்த்தது அவளுக்குத் தெரிந்தது. ஒருத்தி மற்றவளின் காதில் என்ன சொல்லியிருப்பாள் என்பதும் தெரிந்தது: பெட்டி வேணும்னு ஒத்தக்கால்ல நின்னவளே ரெண்டு தடவையும் பொட்டு வச்சுக் கெடுத்திருக்கா பாத்தியா? அப்ப அந்த போன்...

நினைக்கட்டும் என்று ஏறினாள்.

வீட்டுக் கதவைச் சாத்தினதும் யாழினி அம்மாவின் இடது கையைப் பிடித்து, மோதிரத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டாள்.

“உனக்கு அந்தப் பையன் வேண்டாமாட்டி?”

“அதத்தானம்மா போன்ல சொன்னேன்.”

ஆவுடைக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வந்தது சிரிப்பு இல்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  கொஞ்ச நேரம் கழித்து ஆவுடை மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள்.

“கோமதி டப்பா இங்கதான கெடக்கு? ரவை இருக்கா பாரு. வெறும் டப்பாவ எப்பிடிக் குடுக்க?”

ரவையை நெய்யில் வறுத்து, முந்திரி போட்டு, லட்டு பிடித்தாள். சூடு ஆறும் முன்னே டப்பாவை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். பகலில் தாழ் போட்டறியாத கதவு. உள்ளே சங்கிலி மாட்டுகிற சத்தம் கேட்டது. கதவு நான்கு விரல் அகலத்துக்குத் திறந்தது. அந்த இடுக்கில் கோமதியின் ஒரு கண் தெரிந்தது.

“மதினி, அந்தப் பெட்டி இனி எந்திரிக்காதுல்லா?”

“எந்திரிக்காது.”

“போன் பேசினது நான்னு இப்பவும் நெனைக்கியளா?”

“இல்ல கோமதி.”

“பொறவு யாரு?”

ஆவுடை டப்பா மூடியை அழுத்தி மூடினாள். “தெரியல” என்றாள்.

அந்தக் கண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கல் மோதிரத்தை ஒரு தடவை பார்த்தது. மறுபடி முகத்துக்கு வந்தது.

டப்பா அந்த இடுக்கில் நுழையாது. சங்கிலியை எடுக்கட்டும் என்று, சுடுகிற டப்பாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றிப் பிடித்தபடி ஆவுடை நின்றுகொண்டிருந்தாள்.